ஐம்பத்தொன்பது நாள்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் பற்றிக் கேட்டுக் கேட்டுச் செவி பண்பட்ட ஓர் ஊரில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு கணக்குப் பிழையைப் பற்றிப் பேச ஒருவனை மேடையேற்றியிருக்கிறீர்கள். அந்தத் துணிவுக்கு முதலில் என் வந்தனம். விஷயம் சற்று வறட்சியானதுதான். ஆயினும், 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமையன்று, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளில் தொடங்கி நம் தேசத்துக் கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்கள் வரையில் எத்தனையோ இடங்களில் கணினிகள் தம் கோப்புகளைத் தாமே பூட்டிக்கொண்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கட்டு என்று கேட்கத் தொடங்கிய அனர்த்தத்துக்கு மூலகாரணமாயிருந்த பிழை, அன்றைக்கு 59 நாட்களுக்கு முன்பே, மார்ச் 14-ஆம் தேதியன்றே, அதைச் செய்த நிறுவனத்தாலேயே திருத்தப்பட்டு, அந்தத் திருத்தமும் உலகத்தார் யாவருக்கும் செலவின்றி வழங்கப்பட்டிருந்தது என்று சொன்னால், இதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். இடையிலிருந்த அந்த நாட்களைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

முதலில் பிழை இருந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஒரு கணினியில் கடிதம் எழுதுகிறோம், பில் போடுகிறோம், படம் பார்க்கிறோம். இவற்றுக்கான நிரல்கள் எல்லாம் கணினியில் குடியிருக்கும் பிரஜைகளைப் போன்றவை. அவற்றின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. அவற்றுக்கு அடியில் கெர்னல் என்று ஒரு பகுதி இருக்கிறது. நினைவகம், வட்டு, வலை யாவும் அதன் ஆளுகையில் இருப்பவை, அதைத் தட்டிக் கேட்க மேலே எவரும் இல்லை. வலையிலிருந்து வரும் செய்திகளை வாங்கிப் பிரித்துப் பார்க்கும் டிரைவர் என்ற சிறு நிரல்கள், வேகத்தின் பொருட்டு, அந்தக் கெர்னலுக்குள்ளேயே அமர்த்தப்பட்டிருக்கின்றன. ஆகவே பில் போடும் நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் அந்த நிரல் நின்றுபோவதோடு பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். வலை டிரைவரில் பிழை நேர்ந்தாலோ, வெளியிலிருந்து வரும் அந்நியன் ஒருவன், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படாமலே, நேராகச் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்துவிட முடியும்.

விண்டோஸில் அப்படி அமர்த்தப்பட்ட டிரைவர்களுள் ஒன்று, ஓர் அலுவலகத்தின் கணினிகள் தமக்குள் கோப்புகளையும் பிரிண்டர்களையும் பகிர்ந்துகொள்ள உதவுவது. எஸ்.எம்.பி. என்ற பரிபாஷையில் அது பேசும். 445 என்ற எண்ணுள்ள வாசலில் காத்திருக்கும். அந்தப் பரிபாஷை 1980-களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பேரி ஃபைகன்பாம் என்பவரால் வகுக்கப்பட்டது. பிற்பாடு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. அந்த நாட்களில் ஐ.பி.எம்.மும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து ஓ.எஸ்.2 என்று ஓர் இயங்குதளத்தைச் செய்தன. 1987-இல் வெளிவந்த அந்தத் தளத்தை இக்கூட்டத்தில் நேரில் பார்த்தவர்கள் இருந்தால் எனக்கு ஆச்சரியமாயிருக்கும். ஆனால் அதன் கோப்புகள் தம்மைப் பற்றிய குறிப்புகளை ஒரு பட்டியலாகச் சுமந்து வரும் வழக்கத்தை விண்டோஸ் மறக்கவில்லை. பழைய உறவினர் என்றைக்கேனும் வந்தால் அவர் பாஷையில் பேச ஓர் ஆள் வேண்டுமே என்பதுபோல், ஓ.எஸ்.2 முறைப் பட்டியலைத் தன் முறைக்கு மாற்றிக்கொள்ளும் ஒரு சிறு பகுதியை அந்த டிரைவருக்குள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டே வந்தது. அந்த உறவினர் காலமாகி வெகு நாளாகியும் அந்த ஆள் வேலையில் இருந்தான். பிழை அவனிடத்தில்தான் இருந்தது.

பிழையின் ஸ்வரூபத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். கணிதத்தில் ருசியுள்ள மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் பால் சொஸைட்டிகளின் பழைய பேரேட்டில் ஒரு தொகையை இரண்டு கட்டங்களில் எழுதுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடக் கட்டத்தில் பெரிய அலகு, வலக் கட்டத்தில் சில்லறை. கணினி அந்தப் பட்டியலின் நீளத்தை எழுதிக்கொள்வதும் அப்படித்தான்: வலக் கட்டத்தில் 65,535 வரை எழுதலாம், அதற்கு மேல் போனால் இடக் கட்டத்தில் ஒன்று என்று குறித்து வலக் கட்டத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இப்போது வெளியிலிருந்து ஒரு பட்டியல் வருகிறது. தன் நீளம் 65,536 என்று சொல்லிக்கொள்கிறது. அதாவது இடக் கட்டத்தில் ஒன்று, வலக் கட்டத்தில் பூஜ்யம். டிரைவர் பட்டியலைச் சரிபார்த்து, கிரமமான பதிவுகள் 65,373 வரைதான் இருக்கின்றன, மிச்சம் குப்பை என்று கண்டுபிடிக்கிறது. இதுவரை அதன் புத்தி பழுதற்றது. அந்தச் சிறிய கணக்குக்கு ஏற்றபடியே புதிய இடமும் ஒதுக்கிவிடுகிறது. பிறகு நீளத்தைத் திருத்தி எழுதவேண்டிய இடத்தில், வலக் கட்டத்தை மட்டும் அடித்து 65,373 என்று எழுதுகிறது. இடக் கட்டத்திலிருந்த ஒன்றை அழிக்கவில்லை. ஆகவே குறைந்திருக்க வேண்டிய தொகை 1,30,909 ஆகிவிடுகிறது. அடுத்து வரும் பகுதி அந்தத் தொகையை நம்பி, ஒதுக்கிய இடம் நிறைந்த பின்னும் நிறுத்தாமல், கெர்னலின் நினைவகத்தில் அடுத்தவர் இடத்தின்மேல் எழுதிக்கொண்டே போகிறது. எதை எழுதுவது என்பதோ, பட்டியலை அனுப்பியவனின் இஷ்டம்.

முப்பத்திரண்டு பிட் எண்ணில் பதினாறு பிட்டை மட்டும் எழுதிய இந்த ஒரு வரியைத் திருத்துவதற்கு ஒரு தேர்ந்த நிரலாளருக்கு ஒரு காப்பி குடிக்கும் நேரம் போதும். அதைக் கண்டுபிடிப்பதற்கும், கண்டுபிடித்ததை ஒரு திறவுகோலாக வடிப்பதற்கும் அசாத்திய சாமர்த்தியம் வேண்டியிருந்தது; அந்தச் சாமர்த்தியம் அமெரிக்க சர்க்காரின் தேசியப் பாதுகாப்பு முகமையில் இருந்தது. அவர்கள் அந்தத் திறவுகோலுக்கு எடர்னல்புளூ என்று பெயரிட்டு, மைக்ரோசாஃப்டுக்கும் சொல்லாமல், ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தம் ஒற்று வேலைக்கு உபயோகித்துவந்தார்கள் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் பின்னர் எழுதின. சொல்லாமல் வைத்துக்கொண்டது தேசநலனுக்கு என்பது அவர்கள் பக்கத்து வாதம். எனக்கு அந்த வாதத்தில் உடன்பாடில்லை. தன் நாட்டு ஆஸ்பத்திரியும் எதிரி நாட்டு ராணுவமும் ஒரே பூட்டை மாட்டியிருக்கும் உலகத்தில், அந்தப் பூட்டின் குறையை ரகசியமாய் வைத்திருப்பவன் இரண்டு வீட்டையும்தான் திறந்து வைக்கிறான்.

ரகசியமும் நிலைக்கவில்லை. 2016 ஆகஸ்டில் ‘ஷேடோ புரோக்கர்ஸ்’ என்று தம்மை அழைத்துக்கொண்ட சிலர், முகமையின் கருவிகள் தம்மிடம் இருக்கின்றன என்று பகிரங்கமாய் அறிவித்தார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் திருத்தங்களை வெளியிடுவது வழக்கம்; 2017 பிப்ரவரியில் மட்டும் அந்த வெளியீட்டை அசாதாரணமாய்த் தள்ளிவைத்தது. மார்ச் 14-இல் எம்.எஸ்.17-010 என்ற எண்ணோடு திருத்தம் வந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14-ஆம் தேதி, மேல்நாட்டாருக்குப் புனித வெள்ளியும் நமக்கு ஹேவிளம்பி வருஷப் பிறப்புமாயிருந்த அன்றைய தினம், ஷேடோ புரோக்கர்ஸ் அந்தத் திறவுகோலை உலகத்தின் நடுவீதியில் போட்டுவிட்டுப் போனார்கள். இங்கே நாம் மாங்காய்ப் பச்சடி சாப்பிட்டுவிட்டுப் பஞ்சாங்கம் கேட்டுக்கொண்டிருந்தோம். பஞ்சாங்கத்தில் இது இல்லை.

மே 12-இல் நிகழ்ந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் சுருக்கிக்கொள்கிறேன். வான்னாகிரை என்ற அந்த நிரல் ஒரு கணினியில் புகுந்ததும், ஒருவரும் எதையும் சொடுக்காமலே, 445-ஆம் வாசல் திறந்திருக்கும் அடுத்த கணினியைத் தானே தேடிப் போயிற்று. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அந்த வார இறுதியில் சொன்ன கணக்கு 150 நாடுகள், 2,00,000-க்கு மேற்பட்ட பாதிப்புகள். நம் பக்கத்தில் ஆந்திரப் போலீஸ் அலுவலகங்களிலும், கேரளத்து வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும், மேற்கு வங்க மின்சார அலுவலகங்களிலும், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் தொழிற்சாலையிலும் கணினிகள் பூட்டிக்கொண்டன. ஆண்டாள் சூடிக்களைந்த மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு இங்கிருந்து போய்ச் சேர்கிற திருமலையில், தேவஸ்தானத்து அலுவலகக் கணினிகள் சிலவும் தப்பவில்லை.

இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளின் கதையைச் சற்று விரித்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணி கடல் கடந்து போகிறது. அயல்நாட்டு ஆஸ்பத்திரி என்பது இந்த வட்டாரத்து நெசவாளிக்குத் தொலைதூர விஷயம் அல்ல. அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தின் 236 ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் 81 பாதிக்கப்பட்டன. டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்தவர்களில் ஏறத்தாழ 19,000 பேருடைய முறை ரத்தாகியிருக்கும் என்பது மதிப்பீடு. ஐந்து இடங்களில் அவசர நோயாளிகளை வேறு ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட வேண்டியிருந்தது. இதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. திருத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மார்ச் 17-ஆம் தேதியும் ஏப்ரல் 28-ஆம் தேதியும் அந்த ஆஸ்பத்திரிகளுக்கு எச்சரிக்கை போயிருந்தது.

தாக்குதலை நிறுத்திய விதத்தை ஒரு நாவலாசிரியன் எழுதினால் நம்பமாட்டோம். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் இருந்த மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர், அந்த நிரல் தன் வேலையைத் தொடங்குமுன் அர்த்தமற்ற எழுத்துகளாலான ஒரு நீண்ட இணையப் பெயரைத் தேடுவதைக் கவனித்து, அப்பெயர் எவர் வசமும் இல்லாதிருக்கக் கண்டு, 10.69 டாலர் கட்டித் தம் பெயரில் பதிந்துகொண்டார். பெயருக்குப் பதில் கிடைத்தால் நிரல் அடங்கிவிட வேண்டும் என்பது அதைச் செய்தவர்கள் வைத்திருந்த விதி. ஏன் வைத்தார்கள் என்பதற்குப் பல ஊகங்கள் உண்டு. பதில் கிடைத்தது, பரவல் தணிந்தது. வடகொரியாவின் கைவேலை இது என்று அமெரிக்க சர்க்கார் அவ்வாண்டு டிசம்பரில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டிற்று. இத்தனை விபரீதத்தில் அதைச் செய்தவர்களுக்குத் தேறிய பிணைப்பணம் சுமார் 1,40,000 டாலர். ராஜபாளையத்தில் ஒரு நடுத்தர மில்லை வாங்கக்கூட அது காணாது.

இனி நான் வலியுறுத்த வந்த விஷயத்துக்கு வருகிறேன். அந்நாட்களில் பத்திரிகைகளும் டெலிவிஷனும் ஒருமுகமாய்ச் சொன்ன காரணம், பழைய விண்டோஸ் எக்ஸ்பி. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு பராமரிப்பு நின்றுபோன அந்தத் தளத்துக்கும் மைக்ரோசாஃப்ட் இரக்கப்பட்டு 2017 மே மாதத்தில் ஒரு விசேஷத் திருத்தம் வெளியிட்டதால், ஜனங்கள் அதையே நம்பினார்கள். ஆனால் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கேஸ்பர்ஸ்கி எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கப்பட்ட கணினிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு விண்டோஸ் 7. எக்ஸ்பியில் அந்த நிரல் பெரும்பாலும் கணினியை நிலைகுலையச் செய்ததே தவிர, சரியாகக் குடியேறவில்லை. விண்டோஸ் 7-க்கோ மார்ச் மாதத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. கிழவன்மேல் பழி போட்டோம், விழுந்தவர்கள் வாலிபர்கள்.

ஒரு பிழை திருத்தப்பட்டது என்ற செய்தி நம் காதில் ஆறுதலாக விழுகிறது, அது இயல்புதான். ஆனால் திருத்தம் வெளியாகும் கணத்தில்தான் பிழை இருந்த இடம் உலகறிய அடையாளம் காட்டப்படுகிறது. பழைய டிரைவரையும் புதிய டிரைவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. அவற்றை நல்லவர்களும் உபயோகிக்கிறார்கள், மற்றவர்களும் உபயோகிக்கிறார்கள். திருத்தத்துக்கு முன்னால் அந்தப் பிழை சிலருக்கு மட்டுமே தெரிந்த அந்தரங்கம். திருத்தத்துக்குப் பின்னால், அதைப் போட்டுக்கொள்ளாத ஒவ்வொருவருடைய வாசலிலும் தொங்கும் விளம்பரப் பலகை. வான்னாகிரை விஷயத்தில் திறவுகோலே வீதிக்கு வந்துவிட்டது என்றாலும், அது வராமற்போயிருந்தாலும் காலம் சற்று நீண்டிருக்குமே ஒழிய முடிவு மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் ஏன் போட்டுக்கொள்வதில்லை? சோம்பல் என்று நகரத்து நிபுணர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவர்கள் இங்கே வந்து பார்த்ததில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் பில் போடும் கணினி இருக்கிறது. அதை வாங்கிய நாளில், பில் நிரலை நிறுவிய பையன், “அப்டேட் வந்தால் நம்ம சாஃப்ட்வேர் ஓடாது அண்ணாச்சி” என்று சொல்லி, அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் சொன்னது முழுப்பொய்யும் அல்ல. விண்டோஸோ கிராக் காப்பி. திருத்தம் தேடப் போனால் குட்டு வெளிப்படுமோ என்று முதலாளிக்குப் பயம். 2017 வாக்கில் மாதத் திருத்தம் என்றால் நூற்றுக்கணக்கான மெகாபைட். டேட்டா கார்டில் அளந்து அளந்து வாங்கிய இணையத்தை இதற்கு யார் செலவழிப்பார்கள்? மில்களில் கதை வேறு: அயல்நாட்டிலிருந்து தருவித்த நூற்பு யந்திரத்தோடு ஒட்டி வந்த கணினியை, யந்திரம் செய்தவன் அனுமதியின்றித் தொட்டால் உத்தரவாதம் போய்விடும், யந்திரம் இருபது வருஷம் ஓடும், கணினியின் தளமோ பத்து வருஷத்தில் காலாவதியாகும். இங்கே எவனும் சோம்பேறி இல்லை. அவனவன் நிலையில் அவனவன் செய்தது நியாயமான காரியமாகவே தோன்றுகிறது. குறை வாங்குகிற முறையில் இருக்கிறது. சர்க்கார் டெண்டராயினும் சரி, கடைக்காரர் பேரமாயினும் சரி, கணினியின் விலையை மட்டும் பேசுகிறோம். அதை இத்தனை வருஷம் யார் பராமரிப்பது, திருத்தம் வந்தால் யார் சோதித்துப் போடுவது, அதற்குக் கூலி என்ன என்று ஒரு வரிகூட எழுதுவதில்லை. தேர் செய்துவிட்டு வடத்துக்குப் பணம் ஒதுக்காத ஊர் எங்கும் கிடையாது. ஆடிப்பூரத் தேர் ஓடும் இவ்வூரில் அதை விளக்க வேண்டியதில்லை.

மே மாதத்து அனுபவத்துக்குப் பிறகாவது உலகம் விழித்துக்கொண்டதா என்றால், 46 நாள் கழித்து, ஜூன் 27-இல், நாட்பெட்யா என்ற இன்னொரு நிரல் அதே பிழையையும் தன் வழிகளில் ஒன்றாகக் கொண்டு உக்ரைனிலிருந்து புறப்பட்டது. மெர்ஸ்க் கப்பல் கம்பெனி ஸ்தம்பித்தது. அவர்கள் நிர்வாகத்திலிருந்த மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகத்து முனையத்தில் சரக்குப் பெட்டிகள் தேங்கின. இம்முறை யந்திரங்கள் பணம் கேட்டது வெறும் பாவனை, அழிப்பதுதான் நோக்கமாயிருந்தது.

இது பழங்கதை என்று ஒதுக்குவோருக்காக அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று. 2024 ஆகஸ்ட் 13-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் இன்னொரு வலை டிரைவரைத் திருத்திற்று. இது வலைப் பேச்சு முழுவதற்கும் அடிப்படையான டிசிபி/ஐபி டிரைவர். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையில் வரும் பொட்டலங்களைக் கையாளும்போது, ஒரு கழித்தலில் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய், கணினியின் கணக்குமுறையில் பிரம்மாண்டமான எண்ணாகச் சுற்றிக்கொண்டது. மறுபடியும் ஒரு நீளக் கணக்கு, மறுபடியும் கெர்னல், மறுபடியும் கடவுச்சொல் கேளாத வாசல். பத்துக்கு 9.8 என்று அபாய மதிப்பெண் இட்டார்கள். அதைக் கண்டுபிடித்த சீன ஆய்வாளர், விளைவை எண்ணி, விவரம் சொல்ல மறுத்துவிட்டார். அவர் மௌனம் கண்ணியமானது. ஆயினும் அந்த மாதம் முடியுமுன்னரே மற்றவர்கள் இரண்டு டிரைவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பிழை இன்ன இடத்தில் என்று எழுதிவிட்டார்கள். அப்படி விரிவாக எழுதியவர்களுள் ஒருவர், முன்பு பத்து டாலரில் வான்னாகிரையை நிறுத்திய அதே ஹட்சின்ஸ். ஐபிவி6 எங்கோ மேல்நாட்டு விஷயம் என்று எண்ணவேண்டாம். இந்தியாவில் இணையம் உபயோகிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அதில்தான் இருக்கிறார்கள். அந்த முறையில் நாம் பல மேல்நாடுகளுக்கு முன்னால் நிற்கிறோம். பெரிய நாசம் ஒன்றும் அப்போது விளையவில்லை. பெரும்பாலான விண்டோஸ் 10, 11 கணினிகள் தாமாகவே திருத்தத்தை இழுத்துக்கொண்டன என்பதும் அதற்கு ஒரு காரணமாயிருக்க வேண்டும். அந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுப் பராமரிப்பு முடிந்துவிட்டது என்பதைக் கூட்டத்திலுள்ள வியாபாரிகள் குறித்துக்கொள்ளலாம்.

இறுதியாக, கூட்டம் தொடங்குமுன் ஒரு வக்கீல் குமாஸ்தா என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். மாவட்ட நீதிமன்றம் இவ்வூரில் இருப்பதால் அதைச் சுற்றி ஜெராக்ஸ் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய ஜெராக்ஸ் யந்திரங்கள் பல, ஸ்கேன் செய்த தாளைக் கணினிக்கு அனுப்ப எஸ்.எம்.பி.யின் முதல் தலைமுறைப் பேச்சை மட்டுமே அறிந்தவை. பிழையுள்ள அந்தப் பழைய டிரைவர் பேசியதும் அதே பேச்சுதான். 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் மைக்ரோசாஃப்ட் அதை இயல்பாய் நிறுவுவதை நிறுத்திவிட்டது. ஆகவே புதுக் கணினி வாங்கியதும் ஸ்கேன் வரவில்லை என்று கடைக்காரர் கூப்பிட, சர்வீஸ் ஆள் வந்து அந்தப் பழைய பேச்சை மறுபடி இயக்கிவிட்டுப் போகிறான். இதற்கு என்ன செய்வது என்பது அவர் கேள்வி. யந்திரத்துக்குப் புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறதா என்று விற்றவரிடம் முதலில் கேளுங்கள். பல மாதிரிகளுக்கு வந்திருக்கிறது. இல்லையென்றால் ஸ்கேனை இ-மெயிலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்பும்படி அமைக்கலாம்; பென் டிரைவ் தன் பங்குக்கு வேறு வியாதிகளைக் கொண்டுவரும் என்பது தனிப் பிரசங்கத்துக்கு விஷயம். எதுவும் இயலாது, பழைய பேச்சு வேண்டியே தீரும் என்றால், அதற்கென்று ஒரே ஒரு கணினியை ஒதுக்கி, அதில் திருத்தங்களெல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று பார்த்து, கட்சிக்காரர்களின் பத்திரங்களை அதில் சேர்த்து வைக்காமல், அன்றன்றைக்கு எடுத்துவிட்டு அழித்துவிடுங்கள்.